சீர்காழியின் குரல் இறங்கியதா, நாடாவின் வேகம் இறங்கியதா?

(ஓர் உரையாடல். தேதிக்குப் பின்னால் இருப்பது ஊர் அல்ல, எழுதியவரின் புனைபெயர்.)

நவம்பர் 3, இரவு 9.15 – பூம்புகார்ச்சாலை

சீர்காழி கோவிந்தராஜன் பாடிய ‘வெற்றி வேண்டுமா’ (எதிர்நீச்சல், 1968) என்னிடம் இரண்டு வடிவத்தில் இருக்கிறது. ஒன்று, டிவியில் ஓடிய படத்திலிருந்து எடுத்த காணொளி. இன்னொன்று, 1980-களில் கும்பகோணத்தில் ஒரு ரெக்கார்டிங் கடையில் இசைத்தட்டிலிருந்து பதிந்து வாங்கிய கேசட். கீபோர்டில் வைத்துப் பார்த்தால் கேசட் அரைக்கட்டைக்கும் (கறுப்பையும் சேர்த்து அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் இடைவெளி) மேலேயே இறங்கி இருக்கிறது. குரலும் கனமாக, நிதானமாக வருகிறது. கேசட்டில் இருப்பது அவர் பிற்காலத்தில் மறுபடி பாடியது என்றும், வயது ஏற ஏறச் சுருதியைக் குறைத்துக்கொண்டார் என்றும் நினைக்கிறேன். 1954-இல் பொன்வயல் படத்தில் ஆரம்பித்து 1988-இல் மறையும் வரை பாடியவர். குரல் இறங்காமலா இருந்திருக்கும்?

நவம்பர் 3, இரவு 9.50 – கொள்ளிடக்கரை

மறுபதிவு என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். முதலில் இரண்டும் ஒரே பதிவா என்று பாருங்கள். பாட்டு வரிகளைத் தாளில் எழுதி, அவர் மூச்சு வாங்கும் இடங்களில் கோடு போடுங்கள். ஒரு பாடகர் ஒரே பாட்டை இரண்டு நாள் பாடினால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மூச்சு விழாது. பிருகா (வேகமாக உதிரும் சுரக்கோவை) உதிரும் எண்ணிக்கையும் மாறும். இரண்டிலும் கோடுகள் ஒத்துப்போனால் அது ஒரே பதிவுதான்.

அடுத்தது நேரம். பல்லவியின் முதல் அடியிலிருந்து ஏதாவது ஒரு சரணத்தின் கடைசி அடி வரை இரண்டிலும் அளங்கள். நேரம் எந்த விகிதத்தில் கூடியிருக்கிறதோ அதே விகிதத்தில் சுருதி குறைந்திருந்தால், மாறியது ஓட்டிய வேகம் மட்டும். உண்மையிலேயே கட்டையைக் குறைத்துப் பாடியிருந்தால் தாளம் அவ்வளவு அச்சாகக் கூடவே இறங்காது.

நவம்பர் 4, காலை 6.30 – பூம்புகார்ச்சாலை

கோடு போட்டுப் பார்த்தேன், மூச்சு எல்லா இடத்திலும் ஒத்துப்போகிறது. காணொளியில் 100 நொடி வரும் பகுதி கேசட்டில் 107.2 நொடி. டியூனர் ஆப்பில் சுருதி வித்தியாசம் 120 சென்ட். மறுபதிவு என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். அப்படியானால் கேசட் மெதுவாக ஓடுகிறது, காணொளிதான் சரி, அப்படித்தானே?

நவம்பர் 4, காலை 7.10 – கொள்ளிடக்கரை

கணக்கு அச்சாக ஒத்துப்போகிறது. 1.072 மடங்கு வேகம் என்றால் 120 சென்ட்தான் வரும். அரைக்கட்டை 100 சென்ட், வேகத்தில் அது 5.95 சதவீதம். ஒரு சதவீதத்துக்கு 17 சென்ட் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

ஆனால் காணொளி சரி என்பது தப்பு. இரண்டுமே தப்பாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

சினிமா பிலிம் நொடிக்கு 24 சட்டம் (ஃப்ரேம்). நம் ஊர் டிவியும் அந்தக் காலத்து வீடியோ கேசட்டும் விசிடியும் பெரும்பாலும் நொடிக்கு 25 சட்டம். படத்தை டிவிக்கு மாற்றும்போது 24-ஐ அப்படியே 25-ஆக ஓட்டிவிடுவார்கள். படம் 4.17 சதவீதம் வேகமாகும், சுருதி 70.7 சென்ட் ஏறும். அரைக்கட்டையில் முக்கால் பங்குக்குச் சற்றே குறைவு. ‘அந்தக் காலத்துப் பாட்டெல்லாம் என்ன உச்சி’ என்று வியக்கும் பலர் கேட்பது இந்த ஏற்றத்தையும் சேர்த்துத்தான்.

சோதிக்க ஒரு வழி: படத்தின் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழில் நீளம் மீட்டரில் இருக்கும். 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 27.36 மீட்டர் ஓடும். 4,500 மீட்டர் படம் 164 நிமிடம் 30 நொடி வர வேண்டும். காணொளி 158 நிமிடத்தில் முடிந்தால் அது 25 சட்ட ஓட்டம்.

திருத்தும்போது பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. 4.17 ஏறியது என்பதால் 4.17 குறைக்கிறார்கள். 25-லிருந்து 24-க்கு இறங்குவது சரியாக 4.00 சதவீதம். ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் வேகத்தை மாற்றும் கட்டளையில் −4.000 கொடுங்கள். சுருதியை மட்டும் மாற்றும் கட்டளையைத் தொடாதீர்கள், அது தாளத்தை விட்டுவிட்டுக் குரலை மட்டும் பிசையும். ‘ழ’வும் ‘ற’வும் முதலில் மழுங்கும். சீர்காழியைக் கேட்பதே அந்த எழுத்துகளுக்காகத்தான்.

நவம்பர் 4, காலை 7.25 – கொள்ளிடக்கரை

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். தணிக்கை நீளத்தை மட்டும் நம்ப வேண்டாம். டிவியில் சண்டையையோ பாட்டையோ வெட்டியிருந்தால் நேரம் குறையும், ஓட்டம் வேகம் என்று தப்பாகத் தோன்றும். பழைய பிரதியில் ரீல் காணாமல் போயிருந்தாலும் அப்படித்தான். கோப்பின் சட்ட எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். 23.976 அல்லது 24 என்று இருந்தால் பெரும்பாலும் வேகம் சரி, 25 என்றால் சந்தேகப்பட வேண்டும். இணையத்தில் ஏற்றுகிறவர்கள் காப்புரிமைச் சிக்கலைத் தவிர்க்க வேண்டுமென்றே சுருதியை நகர்த்துவதும் உண்டு. அதற்கு எந்தக் கணக்கும் உதவாது.

நவம்பர் 4, பகல் 1.40 – ஐந்தரைக்கட்டை

மேடையில் பாடுகிறவர்களுக்கு இது நேரடியான தொல்லை. காணொளியைக் கேட்டுப் பயிற்சி எடுத்துவிட்டுக் குழுவிடம் கட்டை சொல்கிறார்கள். 25 சட்டக் காணொளியில் கேட்கும் சுருதி எந்தக் கட்டையிலும் உட்காராது, இரண்டு கட்டைகளுக்கு நடுவில் தொங்கும். கீபோர்டுகாரர் மேலே உள்ள கட்டையை எடுப்பார். அனுபல்லவியில் தொண்டை இறுகும். டியூனரில் முள் ஏதாவது ஒரு கட்டைக்கு 30 சென்ட் கீழே நிற்கிறதென்றால் அசல் பெரும்பாலும் அதற்கு அடுத்த கீழ்க்கட்டைதான்.

பூம்புகார்ச்சாலை, கட்டைக் கணக்கில் இன்னொன்றும் கவனியுங்கள். 3-க்கும் 4-க்கும் நடுவில் கறுப்புக் கட்டை கிடையாது. 3-லிருந்து 4 என்பது பெயருக்குத்தான் ஒரு கட்டை, ஒலிக்கு அரைதான். பழைய ஆட்களிடம் ‘ஒரு கட்டை இறக்கினார்’ என்று கேட்டால் எதிலிருந்து எதற்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நவம்பர் 4, இரவு 10.20 – கொள்ளிடக்கரை

இனி கேசட். 120 சென்ட்டில் 70.7 காணொளியின் பங்கு. மீதி சுமார் 50 கேசட்டின் பங்கு, அதாவது 3 சதவீத மெதுவோட்டம்.

முதல் சந்தேகம் உங்கள் பிளேயர் மேல். ரப்பர் பெல்ட் தளர்ந்தால் மெதுவாக ஓடும், கூடவே நீண்ட சுரங்கள் அலையும். அலைவு இல்லாமல் சீராக மெதுவாக இருந்தால் பெல்ட் இல்லை, மோட்டார் வேகம். மோட்டாரின் பின்பக்கத் துளைக்குள் ஒரு சின்னத் திருகு இருக்கும். 3,150 ஹெர்ட்ஸ் சோதனை நாடாவை ஓட்டி, அளவுகாட்டியில் அதே எண் வரும்வரை கால் சுற்றுக்கும் குறைவாகத் திருக வேண்டும். 3 சதவீதப் பிழை என்றால் அங்கே 3,055 காட்டும். அழுத்து உருளையில் பிசுக்கு ஏறினாலும் நாடா வழுக்கும். துடைத்துவிட்டு அளங்கள்.

கேசட்டையும் திறந்து பாருங்கள். நடுவில் செம்புத் தகட்டில் ஒட்டிய சின்னக் கம்பளித் துண்டு, நாடாவைத் தலையோடு அழுத்துவது, இருக்கிறதா? நம் பக்கத்து ஈரத்தில் பசை விட்டு அது விழுந்துவிடும். விழுந்திருந்தால் ஒலி மங்கி, உச்ச ஒலி மட்டும் வந்து வந்து போகும். அதைக் கேட்டுவிட்டுக் ‘குரல் கனத்துவிட்டது’ என்று சொல்கிறவர்கள் உண்டு. கெட்டுப்போன இன்னொரு கேசட்டிலிருந்து தகட்டோடு எடுத்து மாற்றலாம்.

நவம்பர் 5, காலை 5.50 – மைக்செட் திருவாரூர்

பிளேயர் சரியாக இருந்தாலும் இது வரும். 1980, 90-களில் மாலை நேரத்தில் தென்னக மின்தொகுப்பின் அலைவெண் 50-இல் நிற்காது, 48.5 வரைகூட இறங்கும். ரெக்கார்டிங் கடைகளில் இருந்த தட்டு மேடைகளில் (இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள்) பல மின்சார அலைவெண்ணைப் பிடித்துச் சுற்றும் மோட்டார் கொண்டவை. 50 இருக்க வேண்டிய இடத்தில் 48.5 என்றால் தட்டு 3 சதவீதம் மெதுவாகச் சுற்றும். பதிவு செய்த கேசட் டெக்கின் மோட்டார் நேர்மின்சாரத்தில் ஓடுவது, அது சரியான வேகத்தில்தான் போகும். ஆக மெதுவான பாட்டு கேசட்டில் அப்படியே பதிந்துவிடும். பகலில் பதிந்த கேசட்டும் விளக்கு வைத்த பிறகு பதிந்த கேசட்டும் ஒரே தட்டிலிருந்து இரண்டு சுருதியில் இருக்கும்.

தட்டு மேடையைச் சோதிக்கக் கோடு போட்ட வட்டத் தாள் வேண்டும். 50 ஹெர்ட்ஸ் வெளிச்சத்தில் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்கு 180 கோடு, 45-க்கு 133, 78-க்கு 77. கோடுகள் நின்றது போலத் தெரிந்தால் வேகம் சரி. இப்போதைய எல்இடி பல்புகள் பல துடிக்காது, அவற்றில் கோடு தெரியவே தெரியாது. நியான் விளக்கு வையுங்கள். ஆனால் இதில் ஒரு பொறி உண்டு: விளக்கும் மோட்டாரும் ஒரே மின்சாரம் என்றால் அலைவெண் இறங்கினாலும் கோடு நின்றே தெரியும்.

நவம்பர் 5, காலை 6.35 – கொள்ளிடக்கரை

50/48.5 என்றால் 1.031, 52.7 சென்ட். அதோடு 70.7 சேர்த்தால் 123. பூம்புகார்ச்சாலை அளந்தது 120. இதைவிட நெருங்கி வராது!

உறுதிப்படுத்த வழி இருக்கிறது. பெரும்பாலான பழைய பதிவுகளில் பாட்டுக்கு அடியில் மின்சார இரைச்சல் ஒன்று மெலிதாக இருக்கும். பாட்டு தொடங்கும் முன்னாலோ முடிந்த பிறகோ குரல் இல்லாத சில நொடிகளைத் தேர்ந்தெடுத்து அலைக்கற்றை வரைபடம் (ஸ்பெக்ட்ரம்) போடுங்கள். 65,536 அளவு வைத்தால் 44,100 மாதிரி வீதத்தில் ஒரு கட்டம் 0.67 ஹெர்ட்ஸ். 50-க்குப் பக்கத்தில் அது ரொம்பத் தடிமன், 23 சென்ட் வரை பிழை வரும். அதன் ஆறாம் மடங்கான 300-ஐப் பாருங்கள், அங்கே பிழை 4 சென்ட்டுக்குள் அடங்கும். 300 இருக்க வேண்டிய இடத்தில் 291 இருந்தால் 48.5. உங்கள் பிளேயரின் சொந்த இரைச்சலோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க, கேசட் இல்லாமல் சில நொடி பதிந்து ஒப்பிடுங்கள்.

இரைச்சல் 50-க்கு வரும்படி முழுப் பாட்டின் வேகத்தையும் மாற்றினால் சுருதி சரியாகிவிடும்.

நவம்பர் 5, இரவு 11.05 – கொள்ளிடக்கரை

காலையில் எழுதிய கடைசி வரியை அப்படியே எல்லாப் பதிவுக்கும் போட்டுவிடாதீர்கள். யோசித்துப் பார்த்தால் மூன்று வகை வருகிறது.

தட்டிலிருந்து கேசட்டுக்கு ஏற்றியது: இரைச்சலை 50-க்குக் கொண்டுவருவது சரி. கேசட் இப்போது மெதுவாக ஓடினாலும், அன்று தட்டு மெதுவாகச் சுற்றியிருந்தாலும், இரண்டுக்கும் அதே திருத்தம்தான்.

கோயில் கச்சேரியில் கேசட் ரெக்கார்டரை மைக்கோடு இணைத்து நேரடியாகப் பதிந்தது: அன்று மின்சாரம் 48.5 என்றால் இரைச்சல் 48.5-ஆகவும் குரல் சரியான சுருதியிலும் பதிந்திருக்கும். அதை 50-க்கு இழுத்தால் சரியாக இருந்த குரலை அரைக்கட்டையில் பாதிக்குப் பக்கத்தில் நீங்களே ஏற்றிக் கெடுக்கிறீர்கள்.

அலைவெண்ணைப் பிடித்து ஓடும் பெரிய ஸ்பூல் எந்திரத்தில் பதிந்தது: பதிவின்போது மின்சாரம் 48.5 என்றால் நாடாவும் 3 சதவீதம் மெதுவாக ஓடியிருக்கும். இன்று சரியான வேகத்தில் ஓட்டும்போது இரைச்சல் அச்சாக 50 காட்டும், குரலோ 3 சதவீதம் ஏறியிருக்கும். எல்லாம் சரி என்று நம்மை நம்பவைக்கும் வகை இது.

பின்னிரண்டிலும் நிலைச்சுருதி வாத்தியம்தான் நடுவர். சினிமாப் பாட்டில் பியானோ, அக்கார்டியன், வைப்ரபோன் ஏதாவது ஒன்று அநேகமாக இருக்கும். அவற்றை மேடைக்கு மேடை மாற்றிச் சுருதி சேர்க்க முடியாது. ஏ-440 அளவில் (‘ஏ’ சுரம் 440 ஹெர்ட்ஸ்) 1 கட்டை 261.6 ஹெர்ட்ஸ், 2 கட்டை 293.7, 3 கட்டை 329.6, 5 கட்டை 392. வாத்தியம் தனியாக ஒலிக்கும் ஒரு சுரத்தைப் பிடித்து ஒப்பிடுங்கள்.

கர்நாடகக் கச்சேரிக்கு இது ஆகாது. தம்புராவை வித்வான் விருப்பப்படி கூட்டிக் குறைத்துக்கொள்வார், வயலின் அதைப் பின்தொடரும். ஆர்மோனியம் உள்ள பக்திப் பாட்டிலும் 10, 20 சென்ட் முன்பின் வரும், நாக்குகள் துருப்பிடித்த பெட்டி என்றால் இன்னும் கூட.

நவம்பர் 6, காலை 9.00 – ஐந்தரைக்கட்டை

1950-களின் பாட்டுகளுக்கு 78 தட்டுதான் கிடைக்கிறது. சாதாரண எல்பி ஊசி போதுமா?

நவம்பர் 6, பகல் 12.30 – மைக்செட் திருவாரூர்

போதாது. எல்பி ஊசி முனை 0.7 மில் (ஒரு மில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 78-க்கு 3 மில், அதாவது சுமார் 76 மைக்ரான். சின்ன ஊசி பள்ளத்தின் அடியில் உள்ள மண்ணில் உருளும், பாட்டைவிடச் சரசரப்பே அதிகம் கேட்கும். ஊசி தட்டை அழுத்தும் எடை 3-லிருந்து 5 கிராம்.

தட்டை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நல்ல பள்ளம் கறுப்பாக மின்னும். தேய்ந்த இடம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். கல்யாண வீடுகளில் கிராமபோனின் கனத்த சவுண்ட் பாக்ஸில் எஃகு ஊசி போட்டு ஓட்டிய தட்டுகள் இவை. ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி என்பது விதி, ஒரே ஊசியில் பத்துப் பக்கம் ஓட்டினால் முனை உளியாகிப் பள்ளத்தைச் செதுக்கும். முதலில் போவது உரத்த உச்ச ஒலி. சீர்காழி தட்டுகளில் பல்லவி சுத்தமாகவும் மேல் சட்ஜமத்தைத் தொடும் இடம் கரகரப்பாகவும் இருப்பது இதனால்தான். தொண்டை பிசிறியதாக நினைக்க வேண்டாம். ஊசியை 2.5 அல்லது 3.5 மில்லுக்கு மாற்றினால் தேயாத உயரத்தில் சுவரைப் பிடிக்கும், கரகரப்பில் பாதி போய்விடும்.

கழுவும்போது ஆல்கஹால் கலந்த எதையும் 78 தட்டில் தொடவிடாதீர்கள். அது அரக்கு, கரைந்துவிடும். வடித்த நீரில் இரண்டு மூன்று சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான தூரிகை, பள்ளத்தின் போக்கிலேயே. நடுத்தாள் நனையக் கூடாது. உடனே துடைத்து நிழலில் காயவைக்க வேண்டும். வினைல் தட்டுக்கு மட்டும் ஐசோபுரோபைல் 10 சதவீதம் சேர்க்கலாம்.

நவம்பர் 6, இரவு 8.45 – கொள்ளிடக்கரை

78 சுற்று இல்லாத மேடையில் 45-இல் ஓட்டிப் பதிந்து, கணினியில் 73.3 சதவீதம் வேகம் ஏற்றலாம். ஆனால் எல்பி-க்கான ஒலிச்சமன் (ஈக்வலைசேஷன்) செய்யும் பெட்டி வழியாகப் பதிந்தால் அந்தச் சமன் தப்பான இடத்தில் விழுந்துவிடும், குரல் மூக்கடைத்த மாதிரி வரும். சமன் இல்லாமல் பதிந்து, வேகத்தை மாற்றிய பிறகு சமன் செய்யுங்கள். ஸ்டீரியோ ஊசி என்றால் இடது வலது இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு, தேய்வு குறைந்த சுவரை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே நிலை என்றால் ஒன்றாகச் சேர்த்தால் செங்குத்து இரைச்சல் தணியும். உச்சம் −6 டெசிபலைத் தாண்டாமல், 24 பிட், வேவ் கோப்பு. எம்பி3 பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

நவம்பர் 8, காலை 7.00 – பூம்புகார்ச்சாலை

கேசட்டின் இரைச்சல் 291-க்கும் 292-க்கும் நடுவில். 3 சதவீதம் ஏற்றினேன். காணொளியை 4 இறக்கினேன். இரண்டும் இப்போது 3 சென்ட்டுக்குள் ஒன்றின்மேல் ஒன்று உட்காருகிறது. என் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது: 34 வருடத்தில் அந்தக் குரலில் எதுவுமே மாறவில்லையா?

நவம்பர் 8, இரவு 9.30 – கொள்ளிடக்கரை

மாறியது, நிறையவே. வேகத்தைச் சரிசெய்தால்தான் எங்கே மாறியது என்று கேட்கும்.

கோமதியின் காதலன் (1955) ‘வானமீதில்’ பாட்டில் குரல் மெலிசு. மைக்குக்குப் பக்கத்தில் நின்று, தொண்டையைத் திறக்காமல் இழைக்கிறார். ஆகாரம் குறுகி ‘அ’-வுக்கும் ‘ஆ’-வுக்கும் நடுவில் நிற்கிறது. கர்ணன் (1964) ‘உள்ளத்தில் நல்ல உள்ள’த்தில் அதே ஆகாரம் முழுக்கத் திறந்துவிட்டது. அதுவும் துக்கமான இடத்தில். அழுகுரல் வைக்காமல், சுரத்தை நேராக நிறுத்தி, சொல்லின் கடைசி எழுத்தை மட்டும் தளர்த்துகிறார். ‘ள்ள’ இரண்டும் நாக்கு மடிந்து விழுவதைக் கேளுங்கள். எதிர்நீச்சலில் மூச்சுதான் விஷயம்: வரிக்கு நடுவில் இழுக்காமல் அடி முடிகிற இடத்தில் மட்டும் எடுக்கிறார், அதனால் பாட்டு தள்ளிக்கொண்டே போகிறது. அகத்தியரில் (1972) தானே நடிக்கவும் செய்தார். அங்கே சொற்கள் வசனம் போல வெட்டி வெட்டி விழும், பிருகா உரத்து உதிரும். பக்திப் பாட்டுகளுக்கு வரும்போது மேல் சட்ஜமத்தில் அதிகநேரம் நிற்கிறார், அலைவு மெதுவாகவும் அகலமாகவும் ஆகிறது. வயது தெரிவது அங்கேதான். கட்டையை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

சீர்காழியில் பிறந்து, தமிழிசைக் கல்லூரியில் படித்து, திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் கற்றவர். குரு குழல் வித்வான். சுரத்திலிருந்து சுரத்துக்கு இடைவெளி விடாமல் போவதும், மூச்சை இவ்வளவு சிக்கனமாகச் செலவழிப்பதும் குழலிலிருந்து வந்தது என்பது என் கணிப்பு. பழைய கீர்த்தனை ஆசிரியர் முத்துத்தாண்டவரின் பாட்டுகளைச் சீர்காழி பாடியது கிடைத்தால் அதை வைத்துச் சோதியுங்கள். சினிமா வாத்தியங்கள் மூடாத இடத்தில் இது துல்லியமாகக் கேட்கும்.

நவம்பர் 9, காலை 5.15 – மைக்செட் திருவாரூர்

காலை நாலரைக்குக் கோயில் குழாய் ஸ்பீக்கரில் ‘விநாயகனே வினைதீர்ப்பவனே’ வைத்துக் கேட்டுவிட்டுக் குரலை எடைபோட வேண்டாம். குழாய்க்கு அடி ஒலி வராது, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக ஒன்றும் இல்லை. அதிலும் அவர் குரல் வயல் தாண்டிக் கேட்பதற்குக் காரணம், குரலின் பலம் நடு உச்சத்தில் இருக்கிறது, குழாய் நன்றாக ஒலிக்கும் இடமும் அதுதான்.

மழை வலுக்கிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றும் சேரும். தட்டுகளைப் படுக்கவைக்காமல் நிறுத்தி, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் உறையை இறுக்கி மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் நிறம் மாறியதும் வாணலியில் மெதுவாகச் சூடுகாட்டித் திரும்பப் போடலாம். கேசட் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அதை ஓட்டாதீர்கள், தலை வழியாக அடுத்த கேசட்டுக்கும் போகும்.

நவம்பர் 9, காலை 6.05 – கொள்ளிடக்கரை

பூம்புகார்ச்சாலை, திருத்திய கோப்போடு திருத்தாத அசலையும் வைத்திருங்கள். கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்: எந்தக் கேசட், எந்தப் பக்கம், இரைச்சல் 291.5, ஏற்றியது 2.9. 3 என்று முழுசாக்க வேண்டாம். 300-ஐ 291.5-ஆல் வகுத்தால் வருவது 1.029.